களவாவில் ஆண் எங்கே?

சென்ற முறை களவா மீனைப் பற்றி இரண்டு வரி எழுதப்போய், கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் ஐந்துக்கு மட்டும் இங்கே பதில்.

மீன் வெட்டிக் கொடுக்கும் தொழில் எனக்கு. களவா வயிற்றில் சினையைத்தான் பார்த்திருக்கிறேன். ஆண் மீனின் விந்து இருக்கும் பால் பையைப் பார்த்த நினைவே இல்லை. ஆண் களவா கிடையாதா? (தொண்டி வாசகர்)

உண்டு. ஆனால் பெரும்பாலான களவா இனங்கள் பெண்ணாகவே முதிர்கின்றன. சில ஆண்டுகள் முட்டையிட்டு, உடல் பெருத்த பிறகே ஆணாக மாறுகின்றன. உங்கள் பலகைக்கு இரண்டு, மூன்று கிலோ மீனே வருகிறது என்றால் ஆணைப் பார்ப்பது அரிதுதான்.

பெரிய மீன் ஒன்று கிடைத்தால், காற்றுப்பைக்குக் கீழே பின்பக்கமாக இருக்கும் வெள்ளை மடலை, அதாவது பால் பையை, குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெற்றிடம் ஒன்று இருக்கும். பெண்ணாக இருந்தபோது முட்டைகள் வந்து விழுந்த அறை அது. இப்போது அதற்கு வேலை இல்லை. விந்து அதன் சுவருக்குள் ஓடும் நுண்ணிய வழிகளில் வெளியேறிவிடுகிறது. வீடு கைமாறிய பிறகும் பழைய அடுப்பு மூலையில் கிடப்பதைப் போல. பெண்ணிலிருந்து ஆணாக மாறிய மீன் என்று கண்டுகொள்ள ஆய்வுக்கூடத்தில் நாங்கள் தேடும் தடயங்களில் இதுவும் ஒன்று.

சிறியதை விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் பிடித்தால் இனம் பிழைத்துக்கொள்ளும் அல்லவா?

பல மீன்களுக்கு இது நல்ல யோசனை. களவாவுக்கோ அரைக்கிணறு தாண்டிய கதை. பெரியவைதான் ஆண்கள் என்னும்போது, பெரியதை மட்டும் பிடிப்பது ஆண்களை மட்டும் பொறுக்கி எடுப்பதாகிவிடும்.

மெக்சிகோ வளைகுடாவில் வாழும் காக் களவா என்னும் இனத்தைப் பாருங்கள். 1970-களில் அங்கே ஆண்கள் ஏறக்குறைய 17 விழுக்காடு. 1990-களில் அது ஒன்று, இரண்டு விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. பெண்கள் முட்டையிடும் பருவத்தில் மட்டும் ஆழத்துக்குப் போய்த் திரும்புகின்றன. அடிவயிறு கருத்த ஆண்களோ ஆண்டு முழுவதும் கண்டத்திட்டின் விளிம்புப் பாறைகளிலேயே கிடக்கின்றன. படகுகள் அந்தப் பாறைகளைக் கண்டுபிடித்த பிறகு அவற்றுக்கு ஒளிய இடமில்லை. 2000-இல் அங்கே சில பகுதிகளில் மீன்பிடிப்புக்குத் தடை போட்டார்கள்.

ஆண் குறைந்தால் இன்னொரு பெண் மாறிக்கொள்ளாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். மாறும், ஆனால் நினைத்த மாத்திரத்தில் நடக்காது. காக் களவாவில் பாதி மீன்கள் ஆணாவதற்குப் பத்து வயதை ஒட்டி ஆகிவிடுகிறது. மாறிய ஒவ்வொன்றும் முட்டைக் கணக்கில் ஒன்று குறைவு.

நம் கிழக்குக் கரையின் 61 நாள் தடைக்காலம் களவாவைக் காப்பாற்றுகிறதா?

ஓரளவுக்குத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடை விசைப்படகுகளுக்கானது. களவா பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், கிடக்கும் மீன். தூண்டிலிலும் மீன்பொறிக் கூட்டிலும் நிறைய மாட்டுகிறது. தவிர, முட்டையிடும் மாதம் இனத்துக்கு இனம் வேறு. பல களவாக்கள் நிலவைப் பார்த்து, குறிப்பிட்ட ஒரே இடத்தில் கூடுபவை. கூடும் இடம் தெரிந்துவிட்டால் கூட்டத்தையே அள்ளிவிடலாம்.

கரீபியக் கடலின் லிட்டில் கேமன் தீவில் அதுதான் நடந்தது. 2001-இல் தீவின் மேற்கு முனையில் நசாவு களவா என்னும் இனம் கூடும் இடம் படகுக்காரர்களுக்குத் தெரிந்தது. இரண்டே பருவங்களில் சுமார் 4,000 மீன்கள் போயின. 2003-இல் அங்கே தடை வந்தது. அவை கூடும் நாட்களில் அந்தி சாயும் நேரம், மேலே கருப்பும் வயிற்றில் வெள்ளையுமாக நிறம் மாறிய மீன்கள் கூட்டம் கூட்டமாக மேல்நோக்கிப் பாய்ந்து, முட்டையையும் பாலையும் நீரில் ஒரே புகைமூட்டமாகக் கரைத்துவிடும். தடைக்குப் பிறகும் சில ஆண்டுகள் எண்ணிக்கை ஏறவில்லை. 2009-இல் ஏறத்தாழ 1,200 மீன்கள், 2018-இல் 7,000. பொறுமையில்லாத அதிகாரி ஒருவர் நடுவில் தடையை நீக்கியிருந்தால் இந்தக் கணக்கு நமக்குக் கிடைத்திராது. இப்போது அங்கே டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நசாவு களவாவைத் தொடக்கூடாது. மற்ற மாதங்களிலும் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ளதை மட்டும், படகுக்கு ஒரு நாளைக்கு ஐந்து. சிறியதும் தப்பும், பெரியதும் தப்பும். (நசாவு ஒரு விதிவிலக்கு: அதில் பல ஆண்கள் பெண்ணாக வாழாமலேயே ஆணாகின்றன. ஆனால் கூடுமிடத்தைச் சூறையாடினால் அதுவும் அழியும்.)

பண்ணையில் வளர்த்துவிட்டால் தொல்லை தீருமே? (அபுதாபியிலிருந்து, ஹமூர் பிரியர்)

உங்கள் ஹமூர், நம் ஆரஞ்சுப் புள்ளிக் களவாதான். குஞ்சு பொரிக்கும் பொரிப்பகத்தில் ஆண் கிடைப்பதுதான் முதல் தலைவலி. வயதாகும்வரை காத்திருக்க முடியாமல், பெண்ணுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்து மாற்றுகிறார்கள். விசாகப்பட்டினத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இந்த மீனைப் பொரிக்க வைத்திருக்கிறது. ஆனாலும் களவா மீன் தின்னும் மீன். அதன் தீனிக்கும் கடலைத்தான் கேட்க வேண்டும்.

ஆழத்திலிருந்து ஏறிய சின்னக் களவாவைத் திருப்பி விட்டால் மிதக்கிறது. வாயில் பிதுங்கியதைக் குத்திவிடலாமா?

வேண்டாம். வாயில் பிதுங்கி நிற்பது காற்றுப்பை அல்ல, இரைப்பை. உள்ளே காற்று விரிந்து அதை வெளியே தள்ளியிருக்கிறது. குத்தினால் மீனுக்குப் புண்தான். தாடையைக் கவ்வும் பிடியோடு ஈயக்குண்டு ஒன்றைக் கட்டி, மீனைக் கீழே இறக்கி விடுங்கள். ஆழத்தில் அழுத்தம் ஏறக் காற்று தானாகச் சுருங்கும். அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கடற்பகுதியில் பார் மீன் பிடிக்கும் படகில், இறக்கும் கருவியோ காற்றை வெளியேற்றும் ஊசியோ தயாராக இருக்க வேண்டும் என்று 2022-இல் சட்டமே நடைமுறைக்கு வந்தது. ஊசியைக் காற்றுப்பையில் சரியாக இறக்கப் பழக்கம் வேண்டும். குண்டுக்கு அது வேண்டாம்.