கிறிஸ்துமஸ் விருந்துக்கு எந்த ஒயின்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். இப்போது ஜெர்மனியில் மைன்ஸ் நகரில் வேலை. மனைவியோடு இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. என் மேலதிகாரி டிசம்பர் 25 மதியம் எங்கள் இருவரையும் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருக்கிறார். அவருடைய அப்பா அம்மாவும் வருகிறார்களாம். கூஸ் ரோஸ்ட் செய்கிறார்கள். என் மனைவி சைவம் என்பதால் அவளுக்குத் தனியாக ஏதோ சமைக்கப்போவதாகச் சொன்னார்.

“நல்ல ஒயின் ஒன்று வாங்கிக்கொண்டு போ, அதுதான் இங்கே மரியாதை” என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. சூப்பர்மார்க்கெட்டில் ஒரு சுவர் முழுக்க பாட்டில்கள் இருக்கின்றன. 3 யூரோவுக்கும் இருக்கிறது, 60 யூரோவுக்கும் இருக்கிறது. லேபிளைப் படித்தால் தலைசுற்றுகிறது. நண்பர் ஒருவர் யோசிக்காமல் பிரெஞ்சு ஷாம்பெய்ன் வாங்கச் சொல்கிறார். 25 யூரோ வரை செலவழிக்கலாம் என்று இருக்கிறேன். எதை வாங்குவது? குடிக்காத நான் ஒயின் கொண்டுபோய்க் கொடுப்பது சரிதானா என்ற தயக்கமும் இருக்கிறது.

ச., மைன்ஸ்

*

அன்புள்ள ச.,

தயக்கத்தை முதலில் தீர்த்துவிடலாம். சர்க்கரை வியாதிக்காரர் கல்யாண வீட்டுக்கு லட்டு வாங்கிக்கொண்டு போவதில்லையா? நீங்கள் கொண்டுபோவது அவர்களுக்காக. அவர்கள் வீட்டு மேஜையில் எது உகந்ததோ அதைத் தேடிப் பிடிக்க இவ்வளவு யோசிக்கிறீர்கள், அதுவே நல்ல விருந்தாளிக்கு அழகு. மேஜையில் உங்களுக்கு ஊற்ற வந்தால் “நான் மது அருந்துவதில்லை” என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். காரணம் கேட்டு யாரும் துருவ மாட்டார்கள்.

ஷாம்பெய்னை விட்டுவிடுங்கள். 25 யூரோ என்பது ஷாம்பெய்னில் கீழ்மட்ட விலை, அதில் பெரும்பகுதி பெயருக்குப் போய்விடுகிறது. அதே பணத்துக்கு ஜெர்மன் ஒயினில் மிக நல்லதே கிடைக்கும். அதைவிடப் பெரிய காரணம் நீங்கள் இருக்கும் ஊர். ஜெர்மனியில் 13 ஒயின் பிரதேசங்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரியது ரைன்ஹெஸ்ஸன், ஏறக்குறைய 27,000 ஹெக்டேர் திராட்சை. அது உங்கள் ஊரில்தான் தொடங்குகிறது. ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் பெயரை உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அதைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துப் பதிவு 1435இல் ரூஸ்ஸல்ஸ்ஹைமில் எழுதப்பட்டது. ஒரு பிரபுவின் தோட்டத்துக்கு ரீஸ்லிங் கொடிகள் வாங்கிய செலவுக் கணக்கு அது. உங்கள் பக்கத்து ஊர்தான், ஓப்பல் கார் தொழிற்சாலை இருக்கிற அதே ஊர். இப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டு வேறு நாட்டு பாட்டிலைத் தேடுவானேன்? உள்ளூர் கிராமத்தின் பெயர் போட்ட பாட்டிலைப் பார்த்தால் மேலதிகாரியின் அப்பா கட்டாயம் ஒரு வார்த்தை பேசுவார். பேச்சு அங்கிருந்து தானாக ஓடும்.

அடுத்து சாப்பாடு. ஒயின் எது என்பதைத் தட்டில் இருப்பதுதான் முடிவு செய்ய வேண்டும். 24ஆம் தேதி இரவு என்றால் பல ஜெர்மன் வீடுகளில் உருளைக்கிழங்கு சாலட்டும் சாஸேஜும்தான், அதற்கு எளிய வெள்ளை ஒயின் போதும். 25ஆம் தேதி கூஸ் என்றால் கதை வேறு. கூஸ் கொழுப்பு மிகுந்த பறவை. ஓவனில் மணிக்கணக்காக வேகும், வடிகிற கொழுப்பைக் கரண்டியால் எடுத்து மேலே ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை விட மாட்டார்கள். பக்கத்தில் சிவப்பு முட்டைக்கோஸ் வரும். அதை ஆப்பிள், கிராம்பு, வினிகர், கொஞ்சம் சர்க்கரை எல்லாம் போட்டுக் குழைய வேகவைப்பார்கள், இனிப்பும் புளிப்பும் மசாலா வாசனையும் கலந்து இருக்கும். கூடவே உருளைக்கிழங்கு உருண்டை, அதன் மேல் குழம்பு.

இந்தத் தட்டுக்குப் புளிப்பு நன்றாக இருக்கிற, துவர்ப்பு குறைந்த ஒயின்தான் பொருந்தும். ஒவ்வொரு வாய்க்கும் நடுவே நாக்கில் படியும் கொழுப்பை அந்தப் புளிப்பு அறுத்துவிடும். துவர்ப்பு மிகுந்த, கனமான சிவப்பு ஒயினை இங்கே வைத்தால் முட்டைக்கோஸின் வினிகரோடு சேர்ந்து கரடுமுரடாக இருக்கும். கேபர்னே சாவிஞான் அந்த ரகம்தான், லேபிளில் அப்படி எழுதியிருந்தால் அது எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் இந்த விருந்துக்கு வேண்டாம்.

அதனால் என் முதல் தேர்வு ஷ்பேட்புர்குண்டர் என்ற சிவப்பு ஒயின். பிரான்ஸில் பினோ நுவார் என்று சொல்கிற அதே திராட்சைதான். தோல் மெல்லியது, துவர்ப்பு பெரும்பாலும் தோலிலிருந்துதான் வரும் என்பதால் இதில் துவர்ப்பு அடங்கியே இருக்கும். புளிப்பு நிற்கும், செர்ரிப் பழ வாசனை வரும். இந்தத் திராட்சையைப் பயிரிடுவதில் பிரான்ஸுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்த இடம் ஜெர்மனிக்கு. உங்களுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம், மைன்ஸுக்கு மேற்கே ரயிலில் கொஞ்ச நேரத்தில் இங்கல்ஹைம் வந்துவிடும். போரிங்கர் இங்கல்ஹைம் என்ற மருந்து நிறுவனத்தின் பெயரில் இருக்கிற ஊர். இந்தப் பகுதியில் சிவப்பு ஒயினுக்குப் பெயர்போன ஊர் அதுதான். 15 யூரோவிலிருந்து 18 யூரோவுக்குள் அங்கே உண்மையிலேயே நல்ல ஷ்பேட்புர்குண்டர் வாங்கலாம்.

அந்த வீட்டில் சிவப்பு பிடிக்காதவர்கள் என்று உங்களுக்குத் தெரிந்தால் ரீஸ்லிங் வாங்குங்கள். அதற்கு மைன்ஸுக்குத் தெற்கே ரைன் கரையில் இருக்கும் நீர்ஷ்டைன். அங்கே ஆற்றை ஒட்டி ஒரு சரிவு செக்கச்சிவந்த மண்ணாக எழுந்து நிற்கும், ‘ரோட்டர் ஹாங்’ என்பார்கள். சுமார் 28 கோடி ஆண்டுப் பழமையான, இரும்புச்சத்து ஏறிய பாறை அது. கொஞ்சம் இனிப்பு மிச்சம் இருக்கிற ரீஸ்லிங் அந்த முட்டைக்கோஸோடு அருமையாகச் சேரும். ஆனால் எவ்வளவு இனிப்பு என்பதைத் தெரிந்து வாங்க வேண்டும், அதற்கு லேபிள் படிக்கத் தெரிய வேண்டும்.

லேபிளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஜெர்மன் லேபிள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது, எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும். உயரமான, மெலிந்த ஒரு ரீஸ்லிங் பாட்டிலைக் கையில் எடுங்கள். தயாரித்தவரின் பெயர், அறுவடை ஆண்டு, ஊர், திராட்சை வகை இவை முன்பக்கத்தில் இருக்கும். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘குட்ஸ்ஆப்ஃபூலுங்’ அல்லது ‘எர்ட்ஸாய்கர்ஆப்ஃபூலுங்’ என்று இருக்கிறதா பாருங்கள். திராட்சையை வளர்த்தவர்களே ஒயினாக்கி அடைத்தது என்று அர்த்தம். முதலாவது ஒரு தனித் தோட்டக்காரர், இரண்டாவது விவசாயிகளின் கூட்டுறவு சங்கமாகவும் இருக்கலாம். வெறும் ‘ஆப்ஃபூலர்’ என்று இருந்தால் எங்கெங்கோ வாங்கி ஒரு கம்பெனி அடைத்தது. என் கணக்கில் பரிசுப் பாட்டிலுக்கு இந்த ஒரு வரிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். பாட்டிலின் கழுத்தில் திராட்சைக் கொத்தோடு ஒரு கழுகு முத்திரை இருந்தால் அது ஃபௌ.டே.பே. என்ற சங்கத்தைச் சேர்ந்த தோட்டம். 1910இல் தொடங்கிய சங்கம், தங்களுக்குள் கடுமையான விதிகள் வைத்திருக்கிறார்கள்.

அடுத்து, காபினெட், ஷ்பேட்லேஸெ, அவுஸ்லேஸெ என்ற சொற்கள். பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். 1971ஆம் ஆண்டின் ஒயின் சட்டத்தில் வரையறுத்த தரங்கள் இவை. பறிக்கும்போது பழச்சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பதைத்தான் இவை சொல்கின்றன. நொதித்த பிறகு ஒயினில் எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்வதில்லை. அதற்கு வேறு சொற்கள் உண்டு. ‘ட்ரோக்கன்’ என்றால் பொதுவாக லிட்டருக்கு 9 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்காது, ‘ஹால்ப்ட்ரோக்கன்’ என்றால் 18 கிராம் வரை போகலாம். ‘ஃபைன்ஹெர்ப்’ என்பதற்குச் சட்டத்தில் அளவு கிடையாது, ஏறக்குறைய ஹால்ப்ட்ரோக்கன் பக்கம் இருக்கும். கூஸுக்கு நான் சொன்ன ரீஸ்லிங் இந்தக் கடைசி இரண்டில் ஒன்று. இந்தச் சொற்கள் எதுவும் இல்லையா, ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 8 சதவீதம் என்றால் சர்க்கரை நிறைய மிச்சம் இருக்கிறது, 12க்கு மேல் என்றால் பெரும்பாலும் சர்க்கரை எல்லாம் ஆல்கஹாலாக மாறிவிட்டது. இன்னும் துல்லியமாக வேண்டுமா? 2024 அறுவடை முதல் ஊட்டச்சத்து விவரம் கட்டாயம், பெரும்பாலும் கியூஆர் கோடாகப் போடுகிறார்கள். போனில் ஸ்கேன் செய்தால் 100 மில்லிக்கு எவ்வளவு சர்க்கரை என்று வந்துவிடும்.

நீர்ஷ்டைன் விஷயத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ‘நீர்ஷ்டைனர் கூட்டஸ் டோம்டால்’ என்று எழுதிய மலிவான பாட்டில்கள் கண்ணில் படும். அதை நம்பி வாங்க வேண்டாம். அதே 1971 சட்டம் சுற்றியுள்ள பல ஊர்த் தோட்டங்களைச் சேர்த்து அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டது, நீங்கள் தேடும் சிவப்புச் சரிவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பாடுபட்டு அந்தச் செங்குத்துச் சரிவில் கொடி வளர்க்கிறவர்களுக்கு அது பெரிய அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

நுரை ஒயின்தான் வேண்டும், பண்டிகை என்றால் டப்பென்று திறக்கிற சத்தம் இருக்க வேண்டும் என்று தோன்றினால் அதற்கும் வழி இருக்கிறது. நுரை ஒயினை இங்கே ‘ஸெக்ட்’ என்பார்கள், அதில் ‘வின்ட்ஸர்ஸெக்ட்’ என்று எழுதியதை வாங்குங்கள். தோட்டக்காரரின் சொந்தத் திராட்சை, அதே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதித்து, குறைந்தது 9 மாதம் ஈஸ்ட்டோடு கிடந்தது. ஷாம்பெய்ன் செய்கிற அதே முறை. 15 யூரோவுக்குப் பக்கத்தில் நல்லது கிடைக்கும். வெறும் ‘ஸெக்ட்’ என்று மட்டும் இருந்தால் அதன் அடிப்படை ஒயின் வேறு நாட்டிலிருந்துகூட வந்திருக்கலாம். 2.99 யூரோ ஸெக்ட் பாட்டில் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விற்பனை வரி 48 சென்ட். அப்புறம் ஸெக்ட் வரி 1.02 யூரோ. ஜெர்மன் பேரரசர் கெய்ஸர் வில்ஹெல்மின் போர்க்கப்பல்களுக்குப் பணம் திரட்ட 1902இல் போட்ட வரி அது. நடுவில் சில வருடங்கள் நீக்கியிருந்தார்கள், 1939இல் திரும்ப வந்தது, இன்றும் இருக்கிறது. மிச்சம் 1.49 யூரோவில் கண்ணாடி, கார்க், கம்பி, லாரி வாடகை, கடை லாபம் எல்லாம் போக திராட்சைக்கு என்ன இருக்கும்? சாதாரண ஒயினுக்கு இப்படித் தனி வரி கிடையாது. குறைந்த பணத்தில் நல்லது வேண்டுமென்றால் நுரை இல்லாத ஒயின் பக்கம் போகச் சொல்வது அதனால்தான்.

இன்னொன்று, ஸெக்டில் ‘ட்ரோக்கன்’ என்பதற்கு அளவே வேறு. லிட்டருக்கு 17 முதல் 32 கிராம் சர்க்கரை, அதாவது நன்றாகவே இனிக்கும். இனிப்பில்லாத ஸெக்ட் வேண்டுமென்றால் ‘ப்ரூட்’ என்று பார்த்து எடுங்கள்.

உங்கள் மனைவி ஒரு வாய் குடித்துப் பார்ப்பவர் என்றால் அவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒயினைத் தெளியவைக்கச் சிலர் ஜெலட்டின், முட்டை வெள்ளை, மீனிலிருந்து எடுக்கும் பசை இவற்றையெல்லாம் பயன்படுத்துவார்கள். அவை கடைசியில் வடிகட்டப்பட்டுவிடும் என்பதால் பொருள் பட்டியலில் பெரும்பாலும் வராது. லேபிளில் ‘வீகன்’ என்று இருந்தால் கவலை இல்லை. இப்போது நிறைய பாட்டில்களில் போடுகிறார்கள்.

இரண்டு பேரும் தொடவே மாட்டீர்கள் என்றால் இன்னொரு பாட்டிலும் கொண்டுபோங்கள். பல தோட்டங்களில் தங்கள் திராட்சையையே சாறாக அடைத்து விற்கிறார்கள், அதே ஊர் மண்ணில் விளைந்தது, குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் ஆகும். ஆல்கஹால் இல்லாத ஸெக்டும் கிடைக்கிறது. ஆனால் ‘ஆல்கஹால் இல்லாதது’ என்று எழுதியதில் இங்கே 0.5 சதவீதத்துக்குள் இருக்க அனுமதி உண்டு. துளிகூட வேண்டாம் என்பவர் நீங்கள் என்றால் சாறுதான் உத்தமம்.

பாட்டிலைக் கொடுத்ததும் அவர்கள் திறக்காமல் எடுத்து உள்ளே வைத்துவிடலாம். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, அன்றைய ஒயினை அவர்கள் முன்பே தேர்ந்து வைத்திருப்பார்கள். ஷ்பேட்புர்குண்டரை ஃப்ரிட்ஜில் வைத்துக் கொண்டுபோக வேண்டாம், 15 டிகிரி பக்கம் இருந்தால் போதும். ரீஸ்லிங் என்றால் 10 டிகிரி. சாறு கோப்பையானாலும் சரி, முட்டிக்கொள்ளும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து முட்டுங்கள். இங்கே அதை ரொம்ப கவனிப்பார்கள், பெரியவர்கள் இன்னும் அதிகமாக.

கடைசி நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். 24ஆம் தேதி மதியம் 2 மணிக்குள் கடைகள் மூடிவிடும், 25ம் 26ம் விடுமுறை. தோட்டக்காரர்கள் அதற்கும் முன்பே பூட்டிக்கொண்டு போய்விடலாம். இந்தச் சனிக்கிழமையே, போன் செய்து கேட்டுக்கொண்டு, இங்கல்ஹைமுக்குப் போங்கள். அங்கே உங்களுக்குத் தேவையான ஜெர்மன் ஒரே வாக்கியம்தான்: “எஸ் கீப்ட் கான்ஸ் மிட் ரோட்கோல்.” கூஸும் சிவப்பு முட்டைக்கோஸும் என்று சொன்ன பிறகு, எந்த வருடத்துப் பாட்டில் என்பதைத் தோட்டக்காரரே எடுத்துத் தருவார். சாறு இருக்கிறதா என்றும் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அன்புடன்.