தோக்கிற ரீமுக்கு ஏன் கத்துறியள்?

வணக்கம் அண்ணை,

ஸ்காபரோவுக்கு வந்த புதுசு. வேலைத்தலத்தில ஏப்பிரல் வந்தா எல்லாரும் நீல ஜேர்சியோட திரியினம், கொஞ்சநாளில செத்தவீடு மாதிரி ஒருத்தரும் கதைக்கினமில்லை. நீங்களும் ரொறன்ரோ ஐஸ் ஹொக்கி ரீம் மேப்பிள் லீஃப்ஸின்ர ஆள் எண்டு எழுதியிருந்தீங்கள். 1967க்குப் பிறகு ஸ்ரான்லி கப் தூக்காத ரீமை ஏன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்? நான் வெல்லுற ரீம் ஒண்டைப் பிடிக்கலாமோ? சத்தியமா அந்தக் கறுப்புப் பக் எங்க போகுதெண்டே எனக்குத் தெரியேல்லை.

சுதன்

தம்பி சுதன்,

தாராளமாப் பிடிக்கலாம். ஃப்ளோரிடா பாந்தர்ஸ் 2024, 2025 ரெண்டு வருசமும் ஸ்ரான்லி கப் தூக்கினவை, சேர ஒருத்தரும் பாஸ்போட் கேக்க மாட்டினம்.

முதல் பக் கதை. பக்கைத் தேடாதேங்கோ. மூண்டு அங்குல அகல ரப்பர் வட்டு, துள்ளக்கூடாதெண்டு மட்சுக்கு முதல் உறைய வச்சுத்தான் எடுக்கிறவை, அது ஐஸில வழுக்கிற வேகத்துக்கு ரிவியில எங்கட கண் ஓடாது. ஆக்களைப் பாருங்கோ. ஒருத்தன் இறங்கினா முக்கால் நிமிசம் அந்தளவுதான் ஓடுவான், பிறகு ஆட்டம் நிக்காமலே ஓரப் பலகைக்கு மேலால பாய்ஞ்சு பெஞ்சுக்குப் போக அடுத்தவன் இறங்குவான். களைச்ச அஞ்சு பேர் தங்கட பக்கத்துக்குள்ள மாட்டுப்பட்டு, பக்கை வெளிய அடிக்கவும் ஏலாமல் ஆள் மாறவும் ஏலாமல் நிண்டு தடுமாறேக்க, கோல் வரப்போகுதெண்டு உங்களுக்கே விளங்கும். அது பிடிபட்டா பக் தன்ர பாட்டில கண்ணில படும்.

இனி லீஃப்ஸ். 1967இல கப் எடுக்கேக்க லீக்கில இருந்ததே ஆறு ரீம், இப்ப 32. இதைச் சொல்லி நாங்கள் தப்பப் பாக்கலாம்தான், ஆனா மற்ற அஞ்சு பழைய ரீமும் அதுக்குப் பிறகு கப் எடுத்திட்டுதுகள். விசுவாசம் விசுவாசம் எண்டு நெஞ்சில அடிக்கிற ஆக்களை எனக்கு அவ்வளவாப் பிடிக்காது, தோத்தாலும் அரீனா நிரம்புதெண்டா முதலாளிமாருக்கு என்ன அவசரம், இதில எங்கட பங்கும் இருக்கு.

நான் விடாததுக்குக் காரணம் வேற. மற்ற ரீம் எண்டா எனக்கு ஸ்கோர் தெரியும், இந்த ரீம் எப்பிடித் தோத்ததெண்டு தெரியும். 2013இல பொஸ்ரன் ரீமோட அவங்கட இடத்தில, தொடரை முடிவாக்கிற ஏழாவது மட்ச், மூண்டாம் பீரியட்டில 4-1 எண்டு முன்னுக்கு நிக்கிறம், கடைசி ஒண்டரை நிமிசத்துக்குள்ள அவங்கள் கோல் காக்கிற கோலியை வெளிய எடுத்துப்போட்டு ஆறு பேரா ஏறி வந்து ரெண்டு கோல் அடிச்சுச் சமப்படுத்தி, ஓவர்ரைமில அவங்கட பேர்ஜெரோன் முடிச்சு வச்சான். இதைவிட 2020 பெப்ரவரியில எங்கட சொந்த அரீனாவில நடந்தது. எங்களோட விளையாட வந்த கரோலைனா ரீமின்ர ரெண்டு கோலியும் காயப்பட்டிட்டினம், அப்பிடி வந்தா அவசரத்துக்கு அரீனாவிலயே ஒராள் ஆயத்தமா இருக்கவேணுமெண்டு அப்ப விதி. அண்டைக்கு இருந்தது டேவிட் ஏர்ஸ், 42 வயசு, ஐஸ் மட்டமாக்கிற சம்போனி ஓட்டினவர், அம்மா குடுத்த சிறுநீரகத்தோட இருக்கிற மனுசன், அதிலயும் எங்கட ரீமோட பயிற்சியில கோல் காக்கிறவர். முதல் ரெண்டு அடியும் உள்ள போச்சுது. பிறகு வந்த எட்டையும் மறிச்சிட்டார், 6-3 எண்டு தோத்தம். கடைசியில எங்கட சனமே எழும்பி அவருக்குக் கை தட்டினது, அண்டைக்கு லீஃப்ஸுக்குக் கத்தப் போனவனுக்கு யாருக்குக் கத்துறதெண்டு தெரியேல்லை. கப் எடுத்த வருசங்களைப் பற்றி எவனும் இப்பிடி இருந்து கதைக்கப்போறதில்லை எண்டுதான் நினைக்கிறன்.

2023இல ரம்பா ரீமை அடிச்சு 2004க்குப் பிறகு முதல் தரம் கப்புக்கான கடைசிக்கட்ட மட்சுகளில ஒரு சுற்றுத் தாண்டினம், எங்கட ரவாரெஸ் ஓவர்ரைமில அடிச்ச கோல், ரோட்டில கோர்ண் சத்தம். ஒரு சுற்றுக்கு அந்தளவு.

ரிக்கெற் விலையைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ. முதல் மார்லீஸ் மட்ச் ஒண்டுக்குப் போங்கோ, லீஃப்ஸின்ர கீழ் ரீம், எக்ஸிபிஷன் பிளேஸில விளையாடுறவை, விலை குறைவு, கிட்ட இருந்து பாக்கலாம், பலகையில ஆள் மோதுற சத்தம் ரிவியில இப்பிடிக் கேக்காது. பிறகு எந்த ரீமை வேணுமெண்டாலும் பிடியுங்கோ. மொன்றியலைப் பிடிச்சா மட்டும் எனக்கு எழுதாதேங்கோ, 2021இல ஏழு மட்ச் தொடரில 3-1 எண்டு முன்னுக்கு நிண்டிட்டு அவையளிட்டத் தோத்தது இன்னும் ஆறேல்லை.