பேரன் யாரிடம் இருப்பான்? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

குடும்ப வழக்குகளைப் பற்றிய தங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். என் மகளுக்குத் திருமணமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அவள் தன் ஆறு வயது மகனுடன் திருச்சியில் எங்களோடு இருக்கிறாள். சென்னையில் வேலை பார்க்கும் மருமகன், விவாகரத்தும் வேண்டும், பையனையும் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று இங்குள்ள குடும்ப நல நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்திருக்கிறார். நீதிபதி வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பிவிட்டார். சொந்தக்காரர்களை வைத்து நாங்கள் ஏற்கெனவே மூன்று முறை பேசிப் பார்த்தோம். மூன்று முறையும் சண்டையில்தான் முடிந்தது. இனி எதற்கு இன்னொரு பஞ்சாயத்து? சேர்ந்து வாழும்படி வற்புறுத்துவார்களா? என் மகள் அங்கே பேசுவது நாளை அவளுக்கு எதிராகத் திரும்பாதா? பேரனை விட்டுக்கொடுக்கும்படி ஆகிவிடுமோ என்ற பயத்தில் இரவில் தூக்கமில்லை. அங்கே போக வேண்டாம் என்று மகளிடம் சொல்லலாமா?

ஒரு வாசகர், திருச்சி

மதிப்பிற்குரிய ஐயா,

போகச் சொல்லுங்கள். வழக்கறிஞராக இருந்து, பிறகு சில ஆண்டுகள் சமரசராகவும் அமர்ந்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். அந்த அறையில் கேட்டதை வெளியே பேசுவதில்லை என்ற கடமை இன்றும் என்னைக் கட்டுப்படுத்துவதால், எந்தக் குடும்பத்தின் கதையையும் இங்கே உதாரணமாகக் காட்ட இயலாது. நடைமுறையை மட்டும் விளக்குகிறேன்.

நீங்கள் வீட்டுக் கூடத்தில் நடத்திய பேச்சில் இரண்டு பக்கத்து மாமன்களும் சித்தப்பாக்களும் அமர்ந்து, கடைசியில் பெரியவர் ஒருவர் தீர்ப்புச் சொல்லியிருப்பார். சமரசருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமே கிடையாது. அவர் இருவரையும் ஒன்றாகவும், தேவைப்பட்டால் தனித்தனியாகவும் அமர்த்திப் பேசுவார்; தனி அமர்வில் உங்கள் மகள் சொல்வதை அவளுடைய அனுமதியில்லாமல் மறுபக்கத்திடம் சொல்ல மாட்டார். உடன்பாடு வரவில்லையென்றால் 'சமரசம் ஏற்படவில்லை' என்ற அளவில் நீதிமன்றத்துக்கு எழுதி அனுப்புவார், வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும். நீதிமன்றத்தோடு இணைந்த இப்படியொரு மையம் இந்தியாவில் முதன்முதலாக 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கப்பட்டது. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு போன்றோர் அதற்காக உழைத்தார்கள். இன்று மாவட்ட நீதிமன்றங்களிலும் அது இயங்குகிறது.

சேர்ந்து வாழ முடியுமா என்று முதலில் கேட்பார்கள். கேட்டாக வேண்டும்; 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், 9ஆம் பிரிவில், இணக்கத்துக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. உங்கள் மகள் யோசித்து, நிதானமாக 'முடியாது' என்று சொன்னால் பேச்சு அடுத்த கட்டத்துக்கு நகரும். என் பார்வையில் சமரச மையத்தின் உண்மையான பயன் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் திருமணம் முடிந்துபோன பிறகும் இந்த இருவரும் இன்னும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரே பையனின் அப்பாவாகவும் அம்மாவாகவும் இருந்தாக வேண்டியிருக்கிறது.

உங்கள் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்கிறது; உங்கள் பேரன் அந்த வயதைக் கடந்துவிட்டான். இனி நீதிமன்றம் பார்ப்பது, அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறபடி, குழந்தையின் நலன் ஒன்றைத்தான். அந்த நலன் எது என்பதை நிரூபிக்க இரு தரப்பும் சாட்சிக் கூண்டில் ஏறி, அவள் பொறுப்பற்றவள் என்று அவரும், அவர் முரடர் என்று அவளும் ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்கிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் வரும் உத்தரவு பெரும்பாலும், பையன் யாரிடம் இருப்பான், மற்றவர் எந்தக் கிழமைகளில் எத்தனை மணி நேரம் பார்க்கலாம் என்பதோடு நின்றுவிடும்.

ஆனால் குழந்தையின் நாள் அந்த நாலு வரிக்குள் அடங்குவதில்லை. மே மாத விடுமுறையில் எத்தனை நாள் சென்னையில் இருப்பான்? பொங்கல் இங்கே என்றால் தீபாவளி அங்கேயா, அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்வதா? சனிக்கிழமை காலை ரயில் நிலையத்தில் யார் கொண்டுவந்து விடுவது, ரயில் தாமதமானால் யாருக்குத் தகவல் சொல்வது? தினமும் இரவு அப்பாவோடு வீடியோவில் பேசும்போது பக்கத்தில் யார் இருக்கலாம்? பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு இருவரும் வரலாமா? காய்ச்சல் என்றால் எவ்வளவு நேரத்துக்குள் மற்றவருக்குச் சொல்ல வேண்டும்? பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும்? பள்ளிக் கட்டணத்தில் யார் பங்கு எவ்வளவு, பிற்காலத்தில் கல்லூரிக்கு என்ன ஏற்பாடு? அப்பா வழித் தாத்தாவும் பாட்டியும் பேரனை எப்போது பார்ப்பார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தவர்கள் அந்த இரண்டு பேர் மட்டுமே. பையனுக்கு எந்தக் கதை சொன்னால் தூக்கம் வரும் என்பது எந்த நீதிபதிக்கும் தெரியாது. சமரசரின் முன்னால் உட்கார்ந்து இவற்றை ஒவ்வொன்றாக எழுதும்போது, விவாகரத்து மனுவில் ஒருவரையொருவர் கொடூரமானவர் என்று எழுதியவர்கள்கூட இந்தச் சின்ன விஷயங்களில் சீக்கிரம் ஒத்துப்போவது உண்டு.

எழுதிய உடன்பாடு நீதிமன்றத்தில் வைக்கப்பட்டு, நீதிபதி ஏற்றுக்கொண்ட பிறகே ஆணையாகும். விவாகரத்தில் இருவரும் ஒத்துப்போனால், இந்துத் திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின்கீழ்ப் பரஸ்பர சம்மத மனுவாக மாற்றிக்கொள்ளலாம். அதில் உள்ள ஆறு மாதக் காத்திருப்பை, ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்து, ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் உண்மையாகவே தீர்ந்திருந்தால் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. பணத்தைப் பற்றிப் பேசும்போது இரு பக்கத்து வருமான, சொத்து விவரப் பிரமாணப் பத்திரங்கள் மேசையில் இருக்கட்டும். 2020இல் ரஜ்னேஷ் வழக்குத் தீர்ப்பு அதை ஜீவனாம்ச வழக்குகளில் கட்டாயமாக்கிவிட்டது. 'பையனை என்னிடம் விட்டால் போதும், காசு வேண்டாம்' என்று மட்டும் மகள் கையெழுத்திட வேண்டாம். குழந்தையின் ஜீவனாம்சம் குழந்தைக்கு உரியது. அதைத் தாய் எழுதிக்கொடுத்துவிட முடியாது. பையன் வளர வளர ஏற்பாடுகள் பொருந்தாமல் போனால் நீதிமன்றத்தை அணுகி மாற்றிக்கொள்ளலாம். குழந்தைப் பொறுப்பு உத்தரவுகள் மாற்றத்துக்கு உட்பட்டவை என்பது 1973இல் ரோசி ஜேக்கப் வழக்கிலேயே உறுதியானது.

அங்கே பேசியது எதிராகத் திரும்புமா என்று கேட்டீர்கள். கணவனும் மனைவியும் தங்களுக்குள் முன்வைக்கும் யோசனைகளையும் ஒப்புக்கொள்ளும் தவறுகளையும் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது. ஆனால் ஒரு விலக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். சமரசத்தின்போது குழந்தையிடம் பேசிய ஆலோசகரின் அறிக்கையை, குழந்தைப் பொறுப்பை முடிவுசெய்ய நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2019இல் பெர்ரி கன்சாக்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே பேரனுக்கு எதையும் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். ஆலோசகர் முன்னால் ஆறு வயதுப் பிள்ளை பெரியவர்களின் வார்த்தைகளை ஒப்பித்தால் அது உடனே தெரிந்துவிடும். அதைவிட, அந்தப் பிள்ளை சுமக்கிற பாரத்தை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்டாக வேண்டும். மருமகன் அவளை அடித்ததுண்டா? அவர் பக்கத்தில் இருந்தால் அவளுக்கு நடுக்கம் வருகிறதா? பயத்தில் இருப்பவர் சம்மதம் என்று சொல்வது சம்மதம் ஆகாது. அப்படியிருந்தால் முதல் அமர்வுக்கு முன்பே வழக்கறிஞர் மூலம் சமரசருக்குத் தெரிவித்து, நேருக்கு நேர் அமர்வு வேண்டாம் என்று கேளுங்கள். அதுவும் இயலாதென்றால் வழக்கைத் திருப்பி அனுப்பக் கோரலாம். குடும்ப வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2013இல் ஸ்ரீனிவாச ராவ் வழக்கில் வலியுறுத்திய உச்ச நீதிமன்றமே, தவறு செய்தவர் தப்பிப்பதற்கு அது வழியாகிவிடக் கூடாது என்றும் எச்சரித்தது.

கடைசியாக, உங்களுக்கு வருத்தம் தரக்கூடிய ஒன்று. நீங்கள் அந்த அறைக்குள் போக வேண்டாம், வெளியே வராந்தாவிலும் உட்கார வேண்டாம். அப்பா வெளியே காத்திருக்கிறார் என்ற நினைப்பிலேயே, மனதுக்குச் சரியென்று பட்டதைச் சொல்லத் தயங்கும் மகள்கள் உண்டு. துணைக்கு உங்கள் மனைவி போகட்டும். மகளின் கையில் பள்ளியின் விடுமுறைப் பட்டியலையும், சென்ற ஓராண்டின் பள்ளி, மருத்துவச் செலவுக் குறிப்பையும் கொடுத்து அனுப்புங்கள். அன்று மாலை பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் பொறுப்பு உங்களுடையதாக இருக்கட்டும். அம்மா எங்கே என்று கேட்டால், நீ அப்பாவை எப்போதெல்லாம் பார்க்கலாம் என்று பேசப் போயிருக்கிறாள் என்றே சொல்லுங்கள்.

அன்புடன்.