முறுக்கு டின்னை விட்டுவிட்டு இறங்கலாமா?

விமானத்திலிருந்து அவசரமாக வெளியேறுவது பற்றிப் போன முறை எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதி ஒரே கேள்வியைக் கேட்கின்றன: பையை எடுத்துக்கொண்டு இறங்கலாமா? அதைக் கடைசிக்குத் தள்ளினால் அதுவரை என் கோபம் தாங்காது. நடுவில் வைத்திருக்கிறேன்.

எந்த சீட் பாதுகாப்பானது? (மயிலாடுதுறை வாசகர்)

எந்த விமானம், எந்த ஊருக்கு என்று ஒன்றும் எழுதாமல் கேட்டால் ஜோசியர்தான் பதில் சொல்ல வேண்டும். வாசலுக்குப் பக்கத்து சீட் நல்லது. கிடைக்காவிட்டால், உட்கார்ந்ததும் உங்கள் வரிசைக்கும் வாசலுக்கும் நடுவில் எத்தனை சீட் முதுகு என்று எண்ணிக்கொள்ளுங்கள். முன்னாலும் எண்ணுங்கள், பின்னாலும் எண்ணுங்கள். புகை வந்தபின் கண் உதவாது. குனிந்து, தடவித்தான் போக வேண்டியிருக்கும்.

பெல்ட் மாட்டுவதை ஒவ்வொரு தடவையும் காட்டுகிறார்களே, நாங்கள் என்ன குழந்தைகளா? (திருவாரூர்)

கார் பெல்ட்டுக்குப் பொத்தானை அழுத்திப் பழகிய கை, பதற்றத்தில் இடுப்போரம் பொத்தானைத் தேடும். விமான பெல்ட்டில் மூடியைத் தூக்க வேண்டும். பெரியவர்களுக்குத்தான் காட்டுகிறார்கள்.

90 நொடியில் எல்லோரும் இறங்கிவிடலாமாமே? (நாகப்பட்டினம்)

அது விமானத்துக்கு வைக்கிற பரீட்சை. பாதி வாசல்களை மட்டும் திறந்து, இருட்டில் நடத்துவார்கள். ஏ380 என்ற இரட்டை மாடி விமானத்துக்கு 2006-இல் ஹாம்பர்க்கில் நடத்தியபோது சுமார் 870 பேர் 78 நொடியில் இறங்கினார்கள். ஆனால் அங்கே நிஜத் தீ இல்லை, யாரும் மேல் ராக்கைத் திறக்க எழுந்திருக்கவும் இல்லை. இனி அதற்கு வருவோம்.

சின்னக் கைப்பைதானே, எடுத்துக்கொண்டு இறங்கினால் என்ன? (அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, இன்னும் பலர்)

கூடாது. சின்னது, பெரியது என்றெல்லாம் கணக்கு இல்லை.

ஒருவர் எழுந்து ராக்கைத் திறந்து பையை இழுக்க ஐந்து நொடி என்று வையுங்கள். இருபது பேர் வரிசையாக இதைச் செய்தால் நூறு நொடி. மேலே சொன்ன 90 போயே போச்சு. பின்வரிசைக்காரர் உங்கள் முறுக்கு டின்னுக்காகப் புகையில் நிற்கிறார். அப்புறம் ஸ்லைடு, அதாவது வாசலிலிருந்து தரைக்குச் சறுக்கி இறங்கக் காற்றடைத்து விரியும் சறுக்குப்பாதை. கைப்பிடியும் சக்கரமும் அதைக் கிழிக்கலாம், முன்னால் போகிறவர் முதுகில் இடிக்கலாம். கிழிந்த ஸ்லைடு என்றால் ஒரு வாசல் போயிற்று.

2016 ஆகஸ்டில் திருவனந்தபுரத்திலிருந்து போன விமானம் துபாயில் ஓடுதளத்தில் மோதித் தீப்பிடித்தது. உள்ளே 300 பேர். புகைக்கு நடுவே பை தேடுகிறவர்களின் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் பிழைத்தார்கள், ஆனால் சில நிமிடங்களில் எரிபொருள் தொட்டி வெடித்து ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், இறங்கிய பயணிகள் விமானம் கடலோரக் காவல்படையின் சின்ன விமானத்தோடு மோதித் தீப்பிடித்ததையும் பாருங்கள். எட்டு வாசலில் மூன்றுதான் பயன்பட்டது. அறிவிப்புக் கருவியும் வேலை செய்யவில்லை, ஊழியர்கள் கத்தித்தான் வழிகாட்டினார்கள். அந்தப் பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு இறங்கினார்கள். பை தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இல்லை என்றே சொல்லலாம்.

நான் பயிற்சி கொடுத்த காலத்தில், பொய்ப்புகை விட்ட மாதிரி விமானத்தில், ‘இறங்கு, இறங்கு’ என்று கத்தியதும் ஒருவர் திரும்பிப் போய்த் தன் குடையை எடுத்தார். வெளியே சொட்டு மழை இல்லை. இது பயிற்சி என்றும் அவருக்குத் தெரியும். கேட்டால், “கை தானா போயிடுச்சு சார்” என்றார். கை தானாகத்தான் போகும். அதனால்தான் இவ்வளவு கத்துகிறேன்.

பாஸ்போர்ட் பையில் இருக்கிறதே என்கிறீர்கள். அதை ஏன் பையில் வைத்தீர்கள்? விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் பாஸ்போர்ட், போன், அன்றைய மாத்திரை மூன்றும் உடம்போடு இருக்கட்டும். சட்டைப் பையோ, புடவைக்காரர்களுக்கு இடுப்புப் பையோ போதும்.

எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். கடலில் இறங்கினால் லைஃப் ஜாக்கெட் தேவையா? (வேதாரண்யம்)

தேவை. ஆனால் உள்ளே இருக்கும்போது காற்று நிரப்பாதீர்கள். 1996-இல் எத்தியோப்பிய விமானம் ஒன்று கொமோரோஸ் தீவுக்கருகே கடலில் விழுந்தது. 175 பேரில் 50 பேர்தான் பிழைத்தார்கள். உள்ளேயே ஜாக்கெட்டை ஊதிக்கொண்ட பலர், தண்ணீர் ஏறியபோது கூரையோடு ஒட்டிக்கொண்டு வாசலுக்குப் போக முடியாமல் போனார்கள். நன்றாக நீந்துகிறவருக்கும் அதே கதிதான். வாசலைத் தாண்டியபின் ஜாக்கெட்டில் காற்று நிரப்பும் பட்டையை இழுங்கள்.

அப்பாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. கால் நீட்ட அவசர வாசல் சீட் வாங்கலாமா? (கும்பகோணம்)

வாங்கக் கூடாது. அந்த சீட்டில் இருப்பவர்தான் கதவைத் திறக்க வேண்டும். அதுவும் ஜன்னல் வழியாகப் பார்த்து, வெளியே தீ இல்லை என்றால் மட்டும். சொல்லாமல் திறக்கவும் கூடாது. 2022 டிசம்பரில் சென்னையில், நம் திருச்சிக்குக் கிளம்பவிருந்த விமானத்தில் ஒரு பயணியின் கைபட்டு அவசரக் கதவு திறந்துகொண்டது, விமானம் தாமதமானது. அப்பாவுக்கு நடைபாதையோர சீட் வாங்கிக் கொடுங்கள்.

2024 அக்டோபரில் ஷார்ஜா விமானம் எங்கள் தலைக்கு மேல் சுற்றியபோது தெருவே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. உள்ளே இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்? (திருச்சி)

அன்று ஹைட்ராலிக் கோளாறு, அதாவது சக்கரம், பிரேக் போன்றவற்றைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் அமைப்பில் பழுது. எரிபொருள் பாரத்தோடு இறங்குவது ஆபத்து. அந்த ரக விமானத்தில் எரிபொருளைக் கொட்ட வழி கிடையாது, சுற்றிச் சுற்றி எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றி, 141 பயணிகளோடு பத்திரமாக இறங்கியது. இப்படி அவகாசம் கிடைத்தால் செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள், பெல்ட்டை இறுக்குங்கள், வாசலை மறுபடி எண்ணுங்கள். ஊழியர் சொல்லும்போது தலையை முன்சீட்டில் பதித்து, பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். போனை உள்ளே வையுங்கள்.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போகலாமா? (தஞ்சாவூர்)

போகலாம். நைலான்தான் வேண்டாம், உருகி ஒட்டும். குதிகால் செருப்போடு ஸ்லைடில் இறங்கக் கூடாது.

மடியில் கைக்குழந்தை. ஸ்லைடில் எப்படி இறங்குவது? (மன்னார்குடி)

மார்போடு அணைத்து, ஒரு கையால் தலையையும் கழுத்தையும் தாங்கிக்கொள்ளுங்கள். வாசலில் நின்று யோசிக்காதீர்கள், கீழே நிற்பவரிடம் குழந்தையைத் தூக்கிப் போடாதீர்கள். டயப்பர் பையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதிராம்பட்டினத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.