நியூவார்க் போக 17 மணி நேரமா, 19 மணி நேரமா?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து 68 வயது அம்மாவை நேரடி விமானத்தில் அமெரிக்காவின் நியூவார்க்கில் இருக்கும் தங்கையிடம் அனுப்புகிறேன். இணையத்தில் தூரம் 15,344 கிலோமீட்டர், 17 மணி நேரம் என்று இருக்கிறது. டிக்கெட்டில் கிட்டத்தட்ட 19 மணி நேரம். எதை நம்புவது?

பதில்: டிக்கெட்டை நம்புங்கள். அந்த 17 மணி நேரம், தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்துப் போட்ட கணக்கு. டிக்கெட்டில் இருப்பதோ சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து நியூவார்க்கில் வந்து நிற்கும் வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

ஆனால் பெரிய வித்தியாசம் பாதையில்தான். உலக உருண்டையில் இரு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் கிட்டத்தட்ட வடதுருவத்தின் மேலேயே போகும். 15,344 என்பது அந்த நூலின் நீளம். விமானம் அதன்மேல் போகவேண்டும் என்று கட்டாயமில்லை. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று வீசுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது சகஜம். அதனால் ஜப்பான் பக்கம் ஏறி பசிபிக்கைக் கடந்தால் தூரம் கூடும், நேரம் குறையும். திரும்பும்போது அன்றைய காற்றைப் பார்த்து அட்லாண்டிக் வழியாகவோ துருவப் பக்கமாகவோ வருவார்கள். போகும்போது பசிபிக், வரும்போது அட்லாண்டிக் என்று அமைந்தால் அம்மா உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்துவிடுவார்!

ஆக, இரண்டு நாள் ஒரே நேரம் ஆகாது. முன்னே பின்னே அரைமணி, ஒரு மணி ஆனால் தங்கை பதற வேண்டாம்.

இந்தத் தடத்தில் 2018 முதல் ஓடுவது ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர், மிக நீண்ட தூரம் பறப்பதற்கென்றே உள்ள விமானம். மொத்தமே 161 இருக்கைகள், சாதாரண எகானமி கிடையாது. 1,65,000 லிட்டர் வரை எரிபொருள் சுமக்கிற விமானம், ஆட்களைக் குறைக்கத்தானே வேண்டும்? கால் நீட்ட இடம் இருக்கும் என்றாலும், அம்மா அவ்வப்போது எழுந்து நடக்கட்டும். மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இடைவெளிகளை மருத்துவரிடம் முன்பே கேட்டு, சிங்கப்பூர் நேரத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், தேதிக் குழப்பம். நள்ளிரவு 12-க்குக் கிளம்பி 18½ மணி நேரம் பறந்தால், அங்கே அதே தேதி காலை 6.30, குளிர்காலத்தில் 5.30. திரும்பும்போது திங்கள் காலை ஏறினால் செவ்வாய் மாலைதான் சாங்கி. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை இரு ஊர்களின் நேர வித்தியாசம் சரியாக 12 மணி நேரம். அந்த மாதங்களில் போனால், முள் கடிகாரம் கட்டியிருக்கும் அம்மா அதைத் திருப்பவே வேண்டாம்.