உப்புக்காற்றில் லேப்டாப்: வாசகர் கேள்வி – பதில்

மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாமாண்டு சேர்ந்திருக்கிறாள். 'கேமிங் லேப்டாப் வாங்கினால்தான் நாலு வருஷம் தாங்கும்' என்கிறார்கள். கடன் வாங்கியாவது வாங்கலாமா?
– ஒரு தந்தை, தங்கச்சிமடம்

கடன் வாங்காதீர்கள், ஐயா. நான்கு வருடமும் அவர் பெரும்பாலும் ஓட்டப்போவது சி, ஜாவா, பைதான், ஒரு டேட்டாபேஸ், பிரவுசரில் இருபது டேப். இதற்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஐ5 அல்லது ரைசன் 5 பிராசஸர், தினமும் பஸ்ஸில் தூக்கிப் போகத் தோதாக ஒன்றரை கிலோ எடை. இது போதும்.

மூன்றாம் வருடம் மெஷின் லேர்னிங் வரும்போது ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் சிப், தேவைப்படும். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கேகிள் தளத்தில் போன் எண்ணைச் சரிபார்த்துக் கொடுத்தால் வாரத்துக்குச் சுமார் 30 மணி நேரம் ஜிபியு இலவசம். பிரவுசரிலேயே புரோகிராம் ஓட்டும் கூகுள் கோலாபிலும் உண்டு. அங்கே இலவசக் கணக்கில் ஒரு அமர்வு அதிகபட்சம் 12 மணி நேரம்தான், சும்மா விட்டால் அதற்கு முன்பே அறுந்துவிடும். அதனால் மாடலை அவ்வப்போது கூகுள் டிரைவில் சேமிக்கும் வரிகளை புரோகிராமிலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேமிங் லேப்டாப் உங்கள் ஊருக்கு ஏன் ஆகாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதன் சூட்டைத் தணிக்க விசிறிகள் முழு வேகத்தில் சுற்றும். எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவு உப்பையும் உள்ளே இழுக்கும்.

மிச்சமாகும் பணத்தை வீட்டுக்கே வந்து பழுதுபார்க்கும் மூன்று வருட 'ஆன்சைட்' வாரண்டியில் போடுங்கள். 'கேரி-இன்' என்றால் பெட்டியை நீங்கள்தான் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மதுரை வரை போய்வர ஒரு நாள் போய்விடும், திரும்ப வாங்க இன்னொரு நாள். பில் போடுவதற்கு முன் உங்கள் பின்கோடைச் சொல்லி, அங்கே வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மெக்கானிக்கல் மூன்றாமாண்டு. சாலிட்வொர்க்ஸ், ஆன்சிஸ் இரண்டும் ஓட வேண்டும். 32 ஜிபி ராம் அவசியமா? மேக்புக் ஒத்துவருமா?
– மாணவர், கீழக்கரை

மேக்புக் வேண்டாம், பாகங்களை முப்பரிமாணத்தில் வரையும் சாலிட்வொர்க்ஸ் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்பும் இப்போதைக்கு வேண்டாம்.

பாகம் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடும் ஆன்சிஸின் இலவச மாணவர் பதிப்பில் ஸ்ட்ரக்சுரல் கணக்குகளுக்கு 1,28,000 நோடு (பாகத்தைப் பிரிக்கும் 'மெஷ்' வலையின் புள்ளிகள்) என்ற வரம்பு இருக்கிறது. அந்த அளவு மெஷ் 16 ஜிபியில் அடங்கும். எனவே 32 ஜிபிக்கு இப்போதே செலவழிக்க வேண்டாம். பின்னால் கூட்டிக்கொள்ள ஸ்லாட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சாலிட்வொர்க்ஸில் மாடல் வரையும்போது பிராசஸருக்குள் இருக்கும் கணக்குப் பகுதிகளில் பெரும்பாலும் ஒரு கோர்தான் உழைக்கும். கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம். 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் பெரிய அசெம்பிளியைத் திருப்பிப் பார்க்கும்போது திக்காது.

ஆட்டோகேட், ஃபியூஷன் இரண்டையும் ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு ஓராண்டுக்கு இலவசமாகத் தருகிறது. படிக்கும் வரை புதுப்பித்துக்கொள்ளலாம். கணக்குப் போடும் மென்பொருளான மேட்லேப் இல்லாவிட்டால் அதற்கு மாற்றாக சைலேப் அல்லது ஆக்டேவ். சைலேப் கற்க ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் இருக்கின்றன. பென்டிரைவில் கைமாறும் 'கிராக்' பதிப்புகளைத் தொடாதீர்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவச் சொல்லும் கோப்பு, புராஜெக்ட் ரிப்போர்ட்டையும் சேர்த்துப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கக்கூடும்.

வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். இரண்டே வருடத்தில் யுஎஸ்பி துளைக்குள் பச்சை படிந்துவிட்டது. கீபோர்டில் நாலைந்து எழுத்து சேர்ந்தாற்போல் விழவில்லை. லேப்டாப் போய்விட்டதா?
– மாணவி, பாம்பன்

பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஒரே ஒரு எழுத்து விழாவிட்டால் அந்தச் சாவியில் கோளாறு. நாலைந்து சேர்ந்து விழாவிட்டால் கீபோர்டு ரிப்பன் (தட்டையான வயர்) போர்டில் செருகும் இடத்தில் களிம்பு ஏறியிருக்க வாய்ப்பு அதிகம்.

நடப்பது இதுதான். கடல்காற்றில் வரும் உப்புத்துகள் போர்டில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கும் குறைந்த ஈரத்திலேயே நசநசக்கும். அந்த ஈரத்தில் மின்சாரமும் சேர்ந்தால் செம்பு அரிக்கும். நீங்கள் பார்க்கும் பச்சை அதுதான். கச்சான் காற்று அடித்தாலும் வாடைக்காற்று அடித்தாலும் பாம்பனில் உப்பு வராத நாள் கிடையாது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: ஓடுகிற லேப்டாப் சூட்டில் உள்ளே உலர்ந்தே இருக்கும். லீவில் ஒரு மாதம் மூடிவைத்த லேப்டாப்தான் சீக்கிரம் அரிக்கும். 'பத்திரமா எடுத்து வச்சேன், ஆன் ஆகலை' என்று வருகிறவர்களின் கதை இதுதான்.

வாரண்டி இருந்தால் நீங்களே திறக்க வேண்டாம். ஆனால் அரிப்பைச் சாதாரண வாரண்டி பெரும்பாலும் ஏற்காது. வாரண்டி காலம் முடிந்திருந்தால், கை பழகிய ஒருவரை வைத்து இப்படிச் செய்யுங்கள். அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. இதை விட்டால், சுத்தம் செய்யும்போதே ஷார்ட் ஆகும். பிறகு 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷை நனைத்து ரிப்பன் முனை, அதன் கனெக்டர், ராம் பற்கள், யுஎஸ்பி துளை ஆகியவற்றைத் துடைக்க வேண்டும். சானிடைசர் கூடாது, அதில் தண்ணீரும் கிளிசரினும் உண்டு. ராம் பற்களை ரப்பரால் தேய்க்கும் பழக்கம் இருக்கிறது. தேய்க்கத் தேய்க்கத் தங்கப்பூச்சு போய், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் களிம்பு ஏறும். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றில் தறிகெட்டுச் சுற்றவிட்டால் பேரிங் போகும். அரை மணி நேரம் உலரவிட்டு, கடைசியாக பேட்டரியை மாட்டலாம். உங்கள் ஊரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இது தேவை.

வைக்கும் இடத்தையும் மாற்றுங்கள். கடல் பக்க ஜன்னலருகே மேஜை வேண்டாம். இரவில், இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் கால் கிலோ சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள். நிறம் மாறினால் ஈரம் குடித்து நிரம்பிவிட்டது என்று அர்த்தம், 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது. அதைச் சமையல் பாத்திரத்தில் சூடாக்கக் கூடாது. அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம். தவிட்டுத் தூசிதான் துளைகளில் ஏறும். நீண்ட லீவுக்கு வைப்பதானால் பேட்டரி பாதி அளவில் இருக்கட்டும், வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள்.

ஏசி லேபிலிருந்து வெளியே வந்த உடனே பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் புழுக்கக் காற்று பட்டால் பனிபோல நீர் கோக்கும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

அரசு கொடுத்த லேப்டாப்பில் 8 ஜிபி ராம்தான் இருக்கிறது. கூட்ட முடியுமா?
– மாணவர், தொண்டி

திறக்காமலே தெரிந்துகொள்ளலாம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் அந்த ராம் போர்டிலேயே பற்றவைத்தது, கழற்ற முடியாது. 'எஸ்ஓடிம்' என்றிருந்தால் கழற்றி மாட்டலாம். 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' வரியில் இரண்டில் ஒன்று என்றிருந்தால் காலி இடம் இருக்கிறது. டிடிஆர்4 வகை ராம் ஸ்லாட்டில் டிடிஆர்5 வகை பொருந்தாது. வேகத்தையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒரே அளவில் இரண்டாக மாட்டினால் உள்ளிருக்கும் கிராஃபிக்ஸும் வேகம் பெறும். வாரண்டி காலத்தில் திறக்கலாமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

சார்ஜ் போட்டபடி தொட்டால் சுருக்கென்று இருக்கிறது. ஆபத்தா?
– மாணவி, மண்டபம்

எர்த் இல்லாததன் அறிகுறி. அடாப்டருக்குள் சிறிதளவு கசியும் மின்சாரம் எர்த் வழியே இறங்க வேண்டும்; வழி இல்லாததால் உங்கள் கைவழியே இறங்குகிறது. முதலில் மூன்று பின் அடாப்டரை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படி இல்லையென்றால் எலெக்ட்ரீசியனை அழைத்து வீட்டு எர்த் குழாயைச் சோதிக்கச் சொல்லுங்கள். உப்பு மண்ணில் இரும்புக் குழாயும் அதன் கிளாம்பும் துருப்பிடித்து அறுந்திருப்பது சாதாரணம். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டதும் சார்ஜரோடு மோடத்தின் லேன் வயரையும் பிடுங்கிவிடுங்கள்.

பழைய லேப்டாப் வாங்கலாமா?
– மாணவர், சாயல்குடி

வாங்கலாம். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறாது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்ற அலுவலக வரிசைகளுக்கு உதிரிபாகம் கிடைக்கும். பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பில்) பாஸ்வேர்டு இல்லை என்பதைக் கண்முன் திறந்து காட்டச் சொல்லுங்கள். அடிமூடியின் திருகுகள் துருப்பிடித்திருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.