உறுதிமொழி சொல்லாத மாணவிக்கு டி.சி. கொடுக்க முடியுமா?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் 7-ஆம் வகுப்பு படிக்கிறாள். நாங்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். காலைக் கூட்டத்தில் எல்லோருடனும் அமைதியாக நிற்பாள். எங்கள் மத நம்பிக்கையால் தேசிய கீதம் பாடுவதில்லை, உறுதிமொழியும் சொல்வதில்லை. அதற்காக அவளை வெயிலில் நிறுத்துகிறார்கள். டி.சி. கேட்டு எழுதித் தராவிட்டால் போலீசில் புகார் கொடுப்போம் என்கிறார் தலைமையாசிரியர். என்ன செய்வது?

பதில்: முதலில், அந்தக் கடிதத்தை எழுதித் தராதீர்கள். ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால், நாங்கள் அனுப்பவில்லை, அவர்களாகத்தான் போனார்கள் என்று நாளைக்கு நீதிமன்றத்தில் அந்தத் தாளைத்தான் நீட்டுவார்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இதே பிரச்சினை 1985-இல் கோட்டயம் மாவட்டத்தில் வந்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், 10, 9, 5-ஆம் வகுப்பு, உங்கள் மார்க்கத்தினர்தான். தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அவ்வளவுதான், பள்ளியை விட்டு நீக்கிவிட்டார்கள். கேரள உயர் நீதிமன்றமும் கைவிரித்தது. ஆனால் 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் (பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு) பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எழுந்து நின்றாலே மரியாதைதான், கல்வித் துறையின் சுற்றறிக்கையைக் காட்டி அரசமைப்பின் 19, 25-ஆம் பிரிவுகள் தரும் பேச்சுரிமை, மத உரிமைகளைப் பறிக்க முடியாது என்றார் நீதிபதி சின்னப்ப ரெட்டி. கீதத்துக்கே இப்படியென்றால் ‘இந்தியா எனது நாடு’ உறுதிமொழிக்கு மட்டும் எப்படிக் கட்டாயப்படுத்துவார்கள்?

போலீஸ் மிரட்டல் வெறும் பூச்சாண்டி. 1971-ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவர்களுக்கும் கூட்டத்தில் குழப்பம் செய்பவர்களுக்கும்தான். உறுதிமொழியைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆனால் ஒன்று, மகள் பக்கத்துப் பிள்ளையிடம் பேசுவது, சிரிப்பது, மற்றவர்களையும் ‘சொல்லாதே’ என்பது எதுவும் கூடாது. பிஜோ வழக்கு நின்றதே அந்தப் பிள்ளைகளின் ஒழுங்கான நடத்தையால்தான்.

அப்புறம், கல்வி உரிமைச் சட்டம், 2009. 8-ஆம் வகுப்பு முடியும்வரை உங்கள் மகளைப் பள்ளியை விட்டு நீக்கவே முடியாது, அது 16-ஆம் பிரிவு. வெயிலில் நிறுத்துவது 17-ஆம் பிரிவுப்படி தடை செய்யப்பட்ட தண்டனை, அதைச் செய்த ஆசிரியர் மேல் துறை நடவடிக்கை எடுக்கலாம்.

தலைமையாசிரியருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள், தீர்ப்பின் நகலை இணைத்து, முதன்மைக் கல்வி அலுவலருக்கும் ஒரு பிரதி. பல இடங்களில் அதோடு சத்தம் அடங்கிவிடும். அடங்காவிட்டால் அரசமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அதற்குத் தேவைப்படும், வெயிலில் நிறுத்திய தேதிகளையும் நிறுத்தியவர் பெயரையும் இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.